சுமாமி கன்சாஷி: ஜப்பானியத் துணிப்பூ ரிப்பனில் ஏன் சரியாக வருவதில்லை?

கியோட்டோவின் மைக்கோ பெண்கள், அதாவது கெய்ஷா ஆகப் பயிற்சி பெறும் இளம்பெண்கள், கொண்டையில் செருகியிருக்கும் சுமாமி கன்சாஷி என்ற மடித்த துணிப்பூக்களைப் படத்தில் பார்த்துவிட்டு, சாட்டின் ரிப்பனும் க்ளூ கன்னும் வாங்கி, வீடியோ பார்த்துச் செய்திருக்கிறீர்கள். மடிப்பெல்லாம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனாலும் பூ தடித்துப்போய், பரிசுப் பெட்டியில் கட்டும் ரிப்பன் பூ மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். என்ன துணி, என்ன பசை, மாதத்துக்கு ஒரு பூ வைப்பது நிஜமா என்று மூன்று கேள்விகள். பசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பதிலில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் செய்தது தப்பான வேலை என்று சொல்ல மாட்டேன். ரிப்பன் பூ இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு கிளை. பாலியஸ்டர் ரிப்பனைத் துண்டுகளாக வெட்டி, ஓரத்தை மெழுகுவத்தி அல்லது லைட்டர் தீயில் காட்டி உருக்கி, ஒவ்வொரு இதழையும் தனியாக மடித்து ஒட்டி முடித்துவிடுவார்கள். முடிந்த இதழ்களை நூலில் கோத்தோ க்ளூ கன்னால் ஒட்டியோ பூவாக்குவார்கள். அதாவது இதழின் வடிவம் பூவில் சேருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஜப்பானிய முறையில் வேலை தலைகீழ். அங்கே இதழ் மடித்த நிலையில் பாதிதான் தயார். அது அடித்தட்டில், அதாவது பூவைத் தாங்கும் சின்ன அட்டையில், உட்கார்ந்த பிறகு, பசை ஈரமாக இருக்கும்போதே ட்வீசர் முனையால் திறந்து, தள்ளி, சாய்த்து அதற்கு உருவம் கொடுக்கிறார்கள். பசை காயும்போது அந்த உருவம் நிற்கிறது. சூடான க்ளூ சில வினாடிகளில் இறுகிவிடும். அதில் இந்த வேலைக்கு நேரமே கிடைக்காது.

கைவினைஞரின் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். சின்ன மரப்பலகை ஒன்று. அதன் மேல் அரிசி மாவுச்சத்துப் பசையை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சமமாகப் பரப்பியிருப்பார்கள். பரப்புவதற்கு முன்னால் தட்டையான கத்தி போன்ற ஒன்றால் பசையை அழுத்தி அழுத்திப் பிசைவது தனி வேலை. கட்டி ஒன்றுகூட இல்லாமல், பசை இழுபடும் பதத்துக்கு வர வேண்டும். பிறகு சதுரத் துணியை ட்வீசரில் மடித்து, மடித்ததை அப்படியே பசையில் நிறுத்துவார்கள். அடுத்த இதழ் அதன் பக்கத்தில். இப்படி ஒரு பூவுக்கு வேண்டிய இதழ் முழுவதும் வரிசையாகப் பலகையில் நிற்கும். கால் மணி நேரம் போல அப்படியே விட்டால் பசை அடியிலிருந்து துணிக்குள் ஏறும். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் மிஞ்சிய பசையைப் பலகை ஓரத்தில் வழித்துவிட்டு, அடித்தட்டில் வைப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துணியின் வெட்டு ஓரங்கள் எல்லாம் மடிப்பின் அடியில்தான் வந்து சேருகின்றன. அந்த அடிதான் பசைக்குள் நிற்கிறது. ஆகவே நூல் பிரிவதற்கு வழியே இல்லை. தீயில் ஓரம் உருக்குவது பாலியஸ்டருக்கு வேண்டிய வைத்தியம். பட்டு தீயில் உருகாது, கருகும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். நைசாகச் சலித்த அரிசி மாவு ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் விடாமல் கிளறி, மாவு நிறம் மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்குங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் அழுத்தி வடிகட்டி, பலகையில் வைத்துப் பிசையுங்கள். விரலால் தொட்டுத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்க வேண்டும். வழிந்தால் தண்ணீர் அதிகம், இதழ் நிற்காமல் சாயும். ஃபிரிட்ஜில் சில நாள் வைத்துக்கொள்ளலாம். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை ஆகாதா என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். ஒட்டும். ஆனால் காய்ந்தால் பழுப்பு தட்டும். வெளிர் நிறப் பூவில் கறையாகத் தெரியும். பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தக பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. தலையில் வைக்கும் பொருளில் அதைச் சேர்க்காதீர்கள். அது விஷம், நிறமும் ஏறும்.

வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை, இன்று ஜப்பானிலும் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் நிறையவே பயன்படுத்துகிறார்கள். பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் அது சௌகரியம்தான். ஆனால் சீக்கிரம் காயும், கசிந்த இடம் பளபளக்கும், காய்ந்த பிறகு திருத்த முடியாது. அரிசிப் பசையில் ஒட்டிய இதழை ஈரம் காட்டினால் மறுபடியும் எடுத்துவிடலாம். புதிதாகக் கற்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று ஐந்தாவது இதழ் கோணலாக உட்காரும்போது தெரியும்.

இனி துணி. மரபாகப் பயன்படுத்துவது ஹபுதாயே என்கிற மெல்லிய வெற்றுநெசவுப் பட்டு. பட்டின் கனத்தை மொம்மே என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.3 கிராம். துணிப்பூவுக்கு வழக்கமாக வாங்குவது 4 மொம்மே, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 17 கிராம்தான். ஊதினால் பறக்கும். ஒரு இதழில் எட்டு அடுக்கு துணி வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சாட்டின் ரிப்பனில் அந்த எட்டு அடுக்கு என்ன கனமாகும்? உங்கள் பூ தடித்ததற்கு ஒரு காரணம் இது. பெரிய பூக்களுக்கு 10 மொம்மே பட்டும், சுருக்கு நெளிவுள்ள சிரிமென் என்கிற கிரேப் துணியும் எடுப்பார்கள். சிரிமென்னில் இதழ் கொழுகொழுவென்று வரும், விளிம்பு கூர்மை கிடைக்காது.

நம் ஊரில் இதற்காகக் காஞ்சிபுரம் பட்டை வெட்டாதீர்கள். அது கனம், ஜரிகை வேறு குறுக்கே நிற்கும். பட்டுத் துணிக் கடையில் மெல்லிய வெற்று வெள்ளைப் பட்டாகக் கேட்டு வாங்கிச் சாயம் போட்டுக்கொள்ளலாம். பழகுவதற்கு அதுகூட வேண்டாம். நன்றாகத் துவைத்து நைந்த மல்மல் துணிக்கு இலேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால், முதல் நூறு இதழுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. கஞ்சி போடாத மெல்லிய துணி ட்வீசரில் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

சதுரங்களை இழைக்கு நேராக வெட்ட வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதழின் அழகே இதில் இருக்கிறது. இழைக்கு நேராக வெட்டிய சதுரத்தை மூலைக்கு மூலை மடிக்கும்போது மடிப்புக்கோடு இழைக்கு 45 டிகிரியில் விழும். தையல் தெரிந்தவர்களுக்குப் புரியும்: கிராஸ் பீஸ். துணி அந்தத் திசையில்தான் நீளும், வளையும். அதனால்தான் உருண்டை இதழின் முதுகு சுருக்கமே இல்லாமல் உப்புகிறது. சதுரம் ஒரு மில்லிமீட்டர் நீள்சதுரமாகிவிட்டாலும் மடிக்கும்போது முனைகள் சேராது. பழைய கைவினைஞர்கள் துணியை அடுக்கி, அளவுகோல் வைத்துக் கத்தியால் வெட்டினார்கள். உங்களுக்கு ரோட்டரி கட்டரும் கட்டம் போட்ட விரிப்பும் போதும். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம்.

அடிப்படை மடிப்பு இரண்டே இரண்டு: உருண்டை இதழ், கூர் இதழ். சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதை இன்னொரு முறை பாதியாக மடித்தால் சின்ன முக்கோணம். இதுவரை இரண்டுக்கும் ஒரே வழி. கூர் இதழுக்கு அந்தச் சின்ன முக்கோணத்தை மூன்றாம் முறையும் அப்படியே பாதியாக மடிக்க வேண்டும். ட்வீசரை நடுக்கோட்டில் வைத்து, அதன் மேலேயே துணியை மடக்குவது சுலபம். உருண்டை இதழுக்கு, சின்ன முக்கோணத்தின் ஒரு கூர்முனையைப் பாருங்கள்: அங்கே இரண்டு முனைகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கிற மாதிரி இருக்கும். அவற்றைப் பிரித்து, ஒன்றை இந்தப் பக்கம், மற்றதை அந்தப் பக்கம் என்று வெளிப்புறமாக மடித்து எதிர்முனையோடு சேர்க்க வேண்டும். எல்லா வெட்டு ஓரமும் ஒரே வரிசையில் கீழே நின்றால் மடிப்பு சரி. கூர் இதழில் அந்த அடிப்பகுதியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் இதழ் உயரம் குறைந்து பூ தட்டையாக, கச்சிதமாக அமையும். இந்த இரண்டு இதழையும் இரட்டைத் துணியில் மடிப்பது, உள்வெளியாகத் திருப்புவது, நுனியை உள்ளே அமுக்குவது என்று மாற்றித்தான் மற்ற எல்லாப் பூவும்.

மடிப்பை விரலால் செய்யாமல் ட்வீசரால் செய்வதற்குக் காரணம் சுத்தம் மட்டும் இல்லை. விரலில் மடித்தால் மடிப்புக்கோட்டை நசுக்கிவிடுவோம். ட்வீசரில் கிள்ளிப் பிடித்தால் பிடித்த இடம் மட்டும் தட்டையாகி, மீதி இதழ் காற்றோடு நிற்கும். நுனியில் பல்வெட்டு இல்லாத, நேரான, நீளமான ட்வீசராக வாங்குங்கள். புருவம் திருத்தும் சாய்வு நுனி இதற்கு உதவாது.

முதல் பூவாகப் பிளம் பூ செய்யுங்கள். ஐந்து உருண்டை இதழ், அவ்வளவுதான். 3 செ.மீ. சதுரம் ஐந்து, 2 செ.மீ. வட்ட அட்டை ஒன்று, அதன் மேல் அதே நிறத் துணி ஒட்டியது. பூவின் விட்டம் ஏறக்குறையச் சதுரத்தின் பக்க அளவுக்கே வரும், கொஞ்சம் கூடலாம். அட்டையில் மெல்லிசாகப் பசை தடவி, முதல் இதழை மையத்திலிருந்து வெளியே பார்க்க வையுங்கள். இரண்டாவதை ஒட்டாமல் சும்மா சாய்த்து வைத்து இடம் பாருங்கள். ஐந்தையும் வைத்த பிறகுதான் அசல் வேலை: ட்வீசரின் இரண்டு நுனியையும் சேர்த்து இதழின் பின்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, மெல்ல விரியவிட்டு, அடியின் இரு ஓரத்தையும் அட்டையில் பரப்பி அமுக்குங்கள். தட்டையாக நின்ற துணி அந்த நொடியில் குடை மாதிரி உப்பி இதழாகும். பக்கத்து இதழைத் தொடும் வரைக்கும் திறக்கலாம். பூ ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே திசையில் துளித்துளியாகத் தள்ளிச் சரி செய்யலாம். பசை அதற்கு இடம் கொடுக்கும். நடுவில் மஞ்சள் மகரந்தத் தண்டுகளோ ஒரு முத்தோ வைத்து, ஒரு நாள் அப்படியே காயவிடுங்கள். ஹேர் டிரையர் காட்டினால் ஒரு பக்கம் முதலில் இறுகி இதழ் இழுத்துக்கொள்ளும்.

ஐந்து இதழ் சமமாக வராமல் ஒரு சந்து விழுந்தால் பெரும்பாலும் கோணக் கணக்கு தப்பாக இருக்காது, முதல் இதழைத் திறந்துவிட்டு அடுத்ததை வைத்திருப்பீர்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகே திறக்க வேண்டும். இதழின் வெளிப்பக்கம் ஈரக்கறை தெரிந்தால் பலகையில் பசை கனம் அதிகம், அல்லது இதழை அதில் அதிக நேரம் ஊறவிட்டிருக்கிறீர்கள். காய்ந்த பிறகு இதழ் மூடிக்கொண்டால் பசை நீர்த்துப்போயிருக்கிறது.

பிளம் கைவந்தால் செர்ரி வரும்: அதே உருண்டை இதழின் நுனியை நடுவில் உள்ளே அமுக்கிப் பிளவு காட்டுவது. செவ்வந்திக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். கூர் இதழ் வட்டம் வட்டமாக, ஒரு வட்டத்தின் இடைவெளியில் அடுத்த வட்டத்தின் இதழ் வருகிற மாதிரி அடுக்க வேண்டும். வட்டத்துக்கு வட்டம் சதுரத்தின் அளவும் மாறும். முதலில் நான்கு திசைக்கு நான்கு இதழ் வைத்துவிட்டு, பிறகு நடுவே நடுவே நிரப்பினால் கோணம் தப்பாது. அரைக்கோள அடித்தளத்தின் மேல் இதழ் நிரப்பிச் செய்யும் குவிந்த பூக்களும் உண்டு. விஸ்டீரியா என்ற கொடிப்பூவின் தொங்கு சரம் இன்னொரு விதம். பட்டு நூலைப் பலகையில் இழுத்துக் கட்டி, அதன் மேல் இதழ்களை இடைவெளி விட்டு ஒட்டி, காய்ந்ததும் நூலோடு தூக்கிவிடுவார்கள்.

பூக்கள் தயாரானதும் அவற்றை ஒன்றாகக் கட்டுவது இன்னொரு கலை. வீடியோக்கள் கிளிப்பில் ஒரு பூவை ஒட்டி முடித்துவிடுவதால் இது யாருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொரு அடித்தட்டின் நடுவிலும் மெல்லிய கம்பி ஒன்று காம்பாகக் கோத்திருக்கும். பூவுக்குக் கீழே எல்லாக் கம்பியையும் ஒரே தூரத்தில் வளைத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றிக்கொண்டே போவார்கள். பூக்கள் ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றின் பின்பக்கம் தெரியாமல் கொத்து உருவாக வேண்டும். கடைசியில் கொத்தை இரட்டைக்கால் ஊசியிலோ சீப்பிலோ கட்டுவார்கள். கம்பி என்பதால் கட்டிய பிறகும் ஒவ்வொரு பூவையும் தலையின் வளைவுக்குத் தக்கபடி சாய்க்கலாம். நடக்கும்போது பூ இலேசாக அதிர்வதும் அந்தக் கம்பியால்தான். க்ளூ கன் பூ தலையில் செத்த மாதிரி உட்கார்ந்திருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

மாதத்துக்கு ஒரு பூ என்பது நிஜம். ஆனால் ஜப்பானியப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம் இல்லை, கியோட்டோவின் மைக்கோக்களுக்கு உரியது. மைக்கோ என்பவர் கெய்கோ ஆவதற்குப் பயிற்சி பெறும் இளம்பெண். கெய்ஷாவைக் கியோட்டோவில் கெய்கோ என்பார்கள். மைக்கோ தன் சொந்தத் தலைமுடியிலேயே கொண்டை போடுவார், கெய்கோ விக் வைத்துக்கொள்வார். பிப்ரவரியில் பிளம், மார்ச்சில் மஞ்சள் கடுகுப்பூ, ஏப்ரலில் செர்ரி, மே மாதம் விஸ்டீரியா, ஜூனில் வில்லோ இலைச் சரம். ஜூலையில் விசிறிகள், அத்துடன் அந்த மாதம் கியோட்டோவில் நடக்கும் கியோன் திருவிழாவுக்கென்று தனி அலங்காரம். செப்டம்பரில் மணிப்பூ, அக்டோபரில் செவ்வந்தி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. படம் பார்த்தே எந்த மாதம் எடுத்தது என்று சொல்லிவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்தவை ஆண்டின் இரண்டு ஓரங்களில் வருபவைதான், இரண்டும் முழுசாகத் துணிப்பூ இல்லை என்றாலும். புத்தாண்டில் உமி போகாத நிஜமான நெற்கதிரையே செருகிக்கொள்கிறார்கள்; மைக்கோ வலப்பக்கம், கெய்கோ இடப்பக்கம். கூட ஒரு சின்ன வெள்ளைப் புறா இருக்கும். அதற்குக் கண் வரைந்திருக்காது. மனதுக்குப் பிடித்தவரைக் கொண்டு கண் வரையச் சொல்வது வழக்கம். டிசம்பரில் கியோட்டோவின் மினாமிசா அரங்கில் கபுகி என்ற மரபு நாடகத்தின் நடிகர்கள் கூடும் பெரிய நிகழ்ச்சி. அரங்க வாசலில் நடிகர் பெயர்ப் பலகைகள் தொங்கும். அந்தப் பலகையின் குட்டி நகல் மைக்கோவின் பூக்கொத்தில் வெறுமையாக இருக்கும். விருப்பமான நடிகரிடம் போய் அதில் அவர் பெயரை எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

பூவைப் பார்த்து மாதம் மட்டுமல்ல, வைத்திருப்பவர் எத்தனை காலமாக மைக்கோ என்பதும் தெரியும். முதல் ஆண்டு மைக்கோவின் கொத்திலிருந்து ஒரு சரம் முகத்தின் ஓரமாகத் தொங்கும்; பூக்கள் சிறிதாக, நெருக்கமாக இருக்கும். அனுபவம் கூடக்கூடச் சரம் போய்விடும், பூ பெரிதாகி எண்ணிக்கை குறையும்.

மைக்கோ இல்லாதவர்கள் இந்தப் பூவை வைப்பது விசேஷ நாட்களில்தான். நவம்பர் 15-ஐ ஒட்டி வரும் ஷிச்சி-கோ-சான் சடங்கில் மூன்று வயதும் ஏழு வயதும் ஆன பெண் குழந்தைகள் கிமோனோ உடுத்திக் கோயிலுக்குப் போகும்போது, பிறகு இளைஞர்கள் பெரியவர்களாவதைக் கொண்டாடும் நாள் விழாவில், சில கல்யாணங்களில். எடோ காலத்தில் (1603–1868) கொண்டைகள் பெரிதாகப் பெரிதாகக் கொண்டை ஊசியும் அலங்காரமாக வளர்ந்தது. துண்டுப் பட்டில் பூ செய்யும் இந்தத் தொழிலும் அப்போது வேர்விட்டது. 1868-க்குப் பிறகு மேற்கத்தியச் சிகையலங்காரம் பரவியதும் அன்றாடத் தேவை சுருங்கிவிட்டது. இன்று டோக்கியோ அரசு இதை எடோ சுமாமி கன்சாஷி என்ற பெயரில் மரபுக் கைத்தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. டோக்கியோ போகிறவர்களைத் தெரிந்தால் அசகுசாபாஷி பக்கம் போகச் சொல்லுங்கள். மணி, முத்து, கைவினைச் சாமான் மொத்தக் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. ட்வீசரும் மகரந்தத் தண்டும் வாங்கிவரச் சொல்லலாம்.

பூவைக் கெடாமல் வைத்துக்கொள்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பூ செய்த அடுத்த மாதமே கேட்பீர்கள். அரிசிப் பசைக்குத் தண்ணீர் ஆகாது. மழையில் நனைந்தால் இதழ் கழன்றுவிடும். ஹேர் ஸ்பிரேயைப் பூ வைப்பதற்கு முன்பே அடித்துவிடுங்கள். கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் இந்தப் பசை நல்ல தீனி என்பதால் இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெயில் பட்டால் பட்டின் சாயம் வெளுக்கும். நசுங்கிய இதழை நிமிர்த்தக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் ஒரு நொடி காட்டிவிட்டு, ட்வீசரை உள்ளே விட்டுத் திறந்தால் போதும். ஒரே இதழ் கெட்டிருந்தால் அதன் அடியில் மட்டும் ஈரப் பஞ்சை வைத்துப் பசை இளகியதும் உருவி எடுத்து, அதே அளவில் புதிதாக ஒன்று மடித்து வைத்துவிடலாம். அதற்காகவே ஒவ்வொரு பூவுக்கும் நாலைந்து சதுரத்தைக் கூடுதலாக வெட்டி, அதே சாயத்தில் முக்கி, அளவை எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த முறை போடும் சாயம் அதே நிறத்தில் வராது.